‘உள்ளயே போக மாட்டேங்குது’: ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது விண்டோஸ் சர்வர் 2016, 2019, 2022 ஆகியவற்றில் ஓடும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் அமைப்பு, அதாவது பலர் தங்கள் கணினியிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து வேலை செய்யும் ஏற்பாடு. பயனர்கள் உள்ளே வேலை செய்யும் செஷன் ஹோஸ்ட் ஒன்றோ பலவோ, அவர்களை ஹோஸ்டுகளுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு கனெக்‌ஷன் புரோக்கர், வெளியிலிருந்து வருவோருக்கு ஒரு கேட்வே, ஒரு லைசென்ஸ் சர்வர். பத்துப் பேர் டாலி ஓட்டும் ஆடிட்டர் அலுவலகத்தில் இவை எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கலாம். அப்போதும் கோளாறு வரும் இடங்கள் இவைதான்.

புகார் வந்ததும் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது பலருக்குக் கைப்பழக்கம். ரீஸ்டார்ட் செய்தால் முக்கால்வாசி சரியாகிவிடும் என்பதும் உண்மை. ஆனால் எந்த செஷன் (ஒருவர் நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரையான இருப்பு) எந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தது, எந்த புராசஸ் நினைவகத்தை விழுங்கியது என்பதெல்லாம் அதோடு அழிந்துவிடும். வியாழக்கிழமை அதே புகார் திரும்பி வரும். அதனால் முதலில் மூன்று கேள்வி: ஒருவருக்கா, எல்லோருக்குமா? அலுவலகத்துக்குள்ளிருந்தா, வெளியிலிருந்தா? பாஸ்வேர்டு கேட்டதா, கேட்கும் முன்பே நின்றதா?

அடுத்தது ஈவென்ட் வியூவர், சர்வர் தன் நிகழ்வுகளை எண்ணிட்டு எழுதி வைக்கும் பதிவேடுகளைக் காட்டும் கருவி. ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’ கிளையில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ். அங்கே மூன்று பதிவேடுகள் வேண்டும், மூன்றிலும் ‘ஆபரேஷனல்’ என்பதைத் திறக்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் ஆர்டிபி கோர் டிஎஸ் பதிவேட்டில் 131 என்ற எண் இருந்தால் டிசிபி இணைப்பு சர்வரைத் தொட்டுவிட்டது. எந்த ஐபியிலிருந்து என்பதும் அதிலேயே இருக்கும். டெர்மினல் சர்வீசஸ் ரிமோட் கனெக்‌ஷன் மேனேஜர் பதிவேட்டில் 1149 இருந்தால் பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்பட்டன. டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர் பதிவேட்டில் 21 வந்தால் செஷன் தொடங்கியது, 22 வந்தால் டெஸ்க்டாப் ஏறத் தொடங்கியது. 131, 1149, 21, 22. இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. 1149-இல் ஒரு சூட்சுமம் உண்டு: என்எல்ஏ, அதாவது இணைப்புக்கு முன்பே அடையாளம் கேட்கும் ஏற்பாடு, அணைக்கப்பட்டிருந்தால் லாகின் திரை வந்தவுடனேயே இந்த எண் பதிவாகிவிடும். அதைப் பார்த்து யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று பதறத் தேவையில்லை.

“கனெக்டே ஆகலை சார்”

131 பதிவாகவில்லை என்றால் சர்வரின் ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப் பேசும் நெறிமுறை) அமைப்பில் கைவைக்க வேண்டாம். கோளாறு பெரும்பாலும் வழியில் இருக்கிறது. புகார் சொல்பவரின் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட் நெட்கனெக்‌ஷன் கட்டளையை சர்வர் பெயரோடும் ஆர்டிபியின் வழக்கமான போர்ட் எண்ணான 3389-உடனும் ஓட்டச் சொல்லுங்கள். வெறும் பிங் போதாது. பிங் தடுக்கப்பட்ட சர்வரிலும் ஆர்டிபி வேலை செய்யும். பிங் வரும் சர்வரிலும் 3389 மூடியிருக்கலாம். பெயரில் தோற்று ஐபியில் வென்றால், பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் பிரச்சினை. விபிஎன்னில் வருபவர்களுக்கு மட்டும் இப்படியென்றால், விபிஎன் அவர்களுக்கு எந்த டிஎன்எஸ் சர்வரைக் கொடுக்கிறது என்று பாருங்கள்.

சர்வர் பக்கம் பார்க்க வேண்டியவை: டெர்ம் சர்வீஸ் (ரிமோட் டெஸ்க்டாப்பை நடத்தும் சேவை) ஓடுகிறதா, நெட்ஸ்டாட்டில் 3389 கேட்கும் நிலையில் இருக்கிறதா, நெட்வொர்க் ப்ரொஃபைல் ‘டொமைன்’ என்பதிலிருந்து ‘பப்ளிக்’ என்று மாறிவிட்டதா. கடைசியில் சொன்னது அடிக்கடி நடப்பது. அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் முழுதாக எழும்பும் முன் செஷன் ஹோஸ்ட் எழுந்துவிட்டால் நெட்வொர்க்கைப் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொள்ளும். டொமைனுக்கு மட்டும் திறந்து வைத்த ஃபயர்வால் விதிகள் அப்போது பொருந்தாது. நெட்வொர்க் கார்டை ஒருமுறை டிசேபிள் செய்து எனேபிள் செய்தால் சரியாகும். ஆனால் அதை, விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் ஹைப்பர்வைசரின் கன்சோலிலிருந்து செய்யுங்கள், ஆர்டிபி செஷனுக்குள்ளிருந்து அல்ல.

கேட்வே வழியாக வருபவர்களுக்கு மட்டும் பிரச்சினை என்றால் பார்க்க வேண்டியது கேட்வேயின் சொந்தப் பதிவேடு. அங்கே 200 வந்தால் ஆள் தகுதி பெற்றார், 201 என்றால் தகுதி பெறவில்லை. 300 வந்தால் அவர் கேட்ட கணினிக்கு அனுமதி உண்டு, 301 என்றால் இல்லை. 302 வந்தால் இணைப்பு முடிந்தது. 200 வந்து 301-இல் நிற்பதுதான் வழக்கமான காட்சி. எந்தக் கணினிகளுக்குப் போகலாம் என்று சொல்லும் ரிசோர்ஸ் பாலிசியில் செஷன் ஹோஸ்டுகளை மட்டும் சேர்த்திருப்பார்கள். பயனர் கேட்பதோ புரோக்கரின் முழு டிஎன்எஸ் பெயரை. அந்தப் பெயரையும் குழுவில் சேர்த்தால் தீர்ந்தது. கேட்வேக்கு வெளியிலிருந்து டிசிபி 443 கட்டாயம். யுடிபி 3391 திறந்திருந்தால் வேகம் கூடும்.

வேலை நடக்கவில்லை என்ற அவசரத்தில் ரவுட்டரில் 3389-ஐ நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவது இந்தத் துறையில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். திறந்த போர்ட்டைப் பாஸ்வேர்டு உடைக்கும் ஸ்கிரிப்டுகள் விரைவில் கண்டுபிடித்துவிடும். போர்ட் எண்ணை 3390 என்று மாற்றுவது சத்தத்தைக் குறைக்கும், ஆபத்தைக் குறைக்காது. 2019 மே மாதம் வெளியான புளூகீப் ஓட்டை, விண்டோஸ் 7, சர்வர் 2008, 2008 ஆர்2 போன்ற பழைய பதிப்புகளில் லாகின் செய்யாமலேயே உள்ளே நுழைய வழி கொடுத்தது. விபிஎன் அல்லது கேட்வே, அதன் மேல் இரட்டை அடையாளச் சோதனை. இதில் சமரசம் வேண்டாம்.

“பாஸ்வேர்டு சரிதான், ஆனா உள்ள விடல”

131 இருக்கிறது, 1149 இல்லை. செக்யூரிட்டி பதிவேட்டில் 4625-ஐத் தேடுங்கள். என்எல்ஏ இருக்கும் சர்வரில் தோற்ற லாகின்கள் லாகான் டைப் 3 என்று பதிவாகும், 10 என்று அல்ல. ஆர்டிபி என்றால் 10 என்று மனப்பாடம் செய்தவர்கள் வடிகட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்பார்கள். அந்தப் பதிவில் ‘சப் ஸ்டேட்டஸ்’ குறியீட்டின் கடைசி மூன்று இலக்கங்கள்தான் செய்தி. 064 என்றால் அந்தப் பெயரில் ஆளே இல்லை. 071 என்றால் பாஸ்வேர்டு காலாவதி. 133 என்றால் கடிகாரம் ஒத்துப்போகவில்லை. 234 என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது.

காலாவதி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. என்எல்ஏ இருக்கையில் பாஸ்வேர்டை மாற்றும் திரைக்கே பயனர் போக முடியாது; மாற்றாமல் உள்ளே வரவும் முடியாது. வீட்டிலிருந்து மட்டும் வேலை செய்பவர் இதில் மாட்டிக்கொண்டு நிற்பார். இதற்காக என்எல்ஏவை அணைக்காதீர்கள். ஆர்டி வெப் ஆக்சஸ் என்ற பிரவுசர் நுழைவுத் தளத்தில் பாஸ்வேர்டு மாற்றும் பக்கம் ஒன்று கூடவே வருகிறது, மூடிய நிலையில். ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) மேனேஜரில் ஆர்டிவெப், அதற்குள் பேஜஸ், அதில் அப்ளிகேஷன் செட்டிங்ஸ். ‘பாஸ்வேர்டு சேஞ்ச் எனேபிள்டு’ என்பதை ட்ரூ ஆக்கினால் திறந்துகொள்ளும்.

கடிகாரம்: டொமைனில் அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை பொறுத்துக்கொள்வது இயல்பாக 5 நிமிட வேறுபாட்டை. விர்ச்சுவல் மெஷினை ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்ட அன்று இது தலைகாட்டும்.

பூட்டப்பட்ட கணக்கைத் திறந்துவிட்டாலும் பத்து நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொண்டால், டொமைன் கன்ட்ரோலரில் 4740-ஐப் பாருங்கள். எந்தக் கணினியிலிருந்து தவறான முயற்சி வந்தது என்று அதில் இருக்கும். பெரும்பாலும் குற்றவாளி, பழைய பாஸ்வேர்டோடு இன்னொரு ஹோஸ்டில் டிஸ்கனெக்ட் ஆகிக் கிடக்கும் அவருடைய சொந்த செஷன்தான். இல்லாவிட்டால் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பழைய பாஸ்வேர்டு. செஷனை லாகாஃப் செய்துவிட்டு பிறகு பூட்டைத் திறக்கவும்.

‘கிரெட்எஸ்எஸ்பி என்கிரிப்‌ஷன் ஆரக்கிள்’ என்று பிழைச்செய்தி வந்தால் (கிரெட்எஸ்எஸ்பி என்பது பாஸ்வேர்டைச் சர்வருக்குக் கொண்டுசேர்க்கும் நெறிமுறை), பயனரின் கணினி, சர்வர் ஆகிய இரு முனைகளில் ஒன்று 2018 மார்ச்சுக்கு முந்தைய பேட்ச் நிலையில் இருக்கிறது என்று பொருள். 2018 மார்ச்சில் திருத்தம் வந்தது. மே மாத அப்டேட் அதைக் கட்டாயமாக்கியது. பல கணினிகளுக்கு மொத்தமாக அமைப்பு விதிக்கும் குரூப் பாலிசியில் ‘வல்னரபிள்’ என்று வைத்தால் உடனே திறந்துவிடும். பழைய முனையில் அப்டேட் போடும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அப்படி வைக்கலாம். வைத்துவிட்டு மறந்துபோன சர்வர்கள் ஏராளம்.

அட்மினுக்குத் திறக்கிறது, மற்றவருக்கு ‘ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைய உரிமை வேண்டும்’ என்கிறது. இப்படியென்றால் இரண்டு காரணம். ஒன்று, அவர் ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில், அதாவது ஒன்றாக நடத்தப்படும் ஹோஸ்டுகளின் தொகுப்பான கலெக்‌ஷனுக்குக் கொடுத்த குழுவில் இல்லை. இன்னொன்று, அவர் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் பெட்டியில் புரோக்கரின் பெயரை நேராகத் தட்டியிருக்கிறார். எந்தக் கலெக்‌ஷன் வேண்டும் என்று புரோக்கருக்குத் தெரியாது. ஆகவே தன்மேலேயே லாகின் செய்ய முயலும். அங்கே சாதாரணப் பயனருக்கு உரிமை இல்லை. வெப் ஆக்சஸிலிருந்து இறக்கிய ஆர்டிபி ஃபைலைக் கொடுங்கள்; கலெக்‌ஷன் பெயர் அதற்குள் ‘லோட் பேலன்ஸ் இன்ஃபோ’ என்ற வரியில் இருக்கிறது. அதேபோல ஒரு ஹோஸ்டின் பெயரையோ ஐபியையோ யாருக்கும் தனியாகக் கொடுத்து வைக்காதீர்கள்.

“லைசென்ஸ் சர்வர் இல்லைன்னு சொல்லுது”

செஷன் ஹோஸ்ட் ரோலை நிறுவிய நாளிலிருந்து 120 நாள் சலுகைக் காலம். அதுவரை லைசென்ஸ் அமைக்காமலே எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். அதனால்தான் நான்கு மாதம் ஒழுங்காக ஓடிய சர்வர் ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் வெளியே நிறுத்துகிறது. முதல் நாள் யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். அட்மின் மட்டும் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனை ‘அட்மின்’ சுவிட்சோடு திறந்து உள்ளே போகலாம். அந்த வழிக்கு கேல், அதாவது பயனருக்கோ (பெர் யூசர்) கணினிக்கோ (பெர் டிவைஸ்) ஒவ்வொன்றாக வாங்கும் அணுகல் லைசென்ஸ், தேவையில்லை, அதிகபட்சம் இரண்டு பேர்.

உள்ளே போனதும் ஆர்டி லைசென்சிங் டயக்னோசரைத் திறங்கள். பெரும்பாலும் சொல்லப்போவது இரண்டில் ஒன்று: லைசென்ஸ் சர்வர் பெயர் குறிக்கப்படவில்லை, அல்லது லைசென்சிங் மோட் குறிக்கப்படவில்லை. லைசென்ஸ் சர்வரை ஆக்டிவேட் செய்து கேல்களையும் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பது பொதுவான தவறு. ஹோஸ்டுக்கு இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், செஷன் ஹோஸ்ட், லைசென்சிங் என்று இறங்கினால் இரண்டு பாலிசிகளும் அங்கேயே இருக்கின்றன.

எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யாவிட்டால் பதிப்பைப் பாருங்கள். 2019 கேல் 2022 ஹோஸ்டுக்குச் செல்லாது. புது கேல் பழைய ஹோஸ்டுக்குச் செல்லும். லைசென்ஸ் சர்வரும் ஹோஸ்டின் பதிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டொமைன் இல்லாமல் ஒர்க்குரூப்பில் ஓட்டுபவர்கள் பெர் டிவைஸ் கேல்தான் வாங்க வேண்டும். விவரம் தெரியாமல் பெர் யூசர் வாங்கி சர்வர் 2019-இல் ஏற்றினால், 60 நிமிடத்தில் செஷன் துண்டிக்கப்படும் என்ற அறிவிப்போடு ஒவ்வொரு மணிக்கும் ஆட்கள் வெளியே விழுவார்கள். விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். ஆர்டர் போடும் முன் நீங்கள் கேளுங்கள்.

ஒரே ஒரு கணினிக்கு மட்டும் லைசென்ஸ் பிழை என்றால் அது பெர் டிவைஸ் அமைப்பாகத்தான் இருக்கும். முதல் முறை வரும் கணினிக்கு 90 நாள் தற்காலிக லைசென்ஸ், பிறகு 52 முதல் 89 நாள் வரை செல்லும் நிரந்தர லைசென்ஸ் கொடுக்கப்படுகிறது. அந்தச் சீட்டு கிளையன்ட் கணினியின் (பயனர் பக்கத்துக் கணினியின்) ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில், லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், எம்எஸ் லைசென்சிங் என்ற கிளையில் இருக்கிறது. அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு அழியுங்கள். அடுத்து ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனை ஒருமுறை மட்டும் ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறங்கள். சாதாரண உரிமையில் திறந்தால் கிளையை மீண்டும் எழுத முடியாமல் அதே பிழை வரும். சலுகைக் காலத்தின் ரெஜிஸ்ட்ரி கீயை அழித்து இன்னொரு 120 நாள் வாங்கும் வித்தை யூட்யூப் முழுக்கக் கிடக்கிறது. அது உரிம ஒப்பந்த மீறல். தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியது சர்வரைப் பார்த்துக்கொள்பவர்தான்.

“டெஸ்க்டாப்ல வெச்சிருந்த ஃபைல் எல்லாம் போச்சு”

போகவில்லை. அவருடைய ப்ரொஃபைல் (டெஸ்க்டாப், ஃபைல்கள், அமைப்புகள் அடங்கிய ஃபோல்டர்) ஏறாததால் தற்காலிக ப்ரொஃபைலில் இருக்கிறார். அப்ளிகேஷன் பதிவேட்டில் 1511 இருந்தால் உறுதி. முதலில் தொலைபேசியிலேயே சொல்ல வேண்டியது: ‘எதையும் சேவ் பண்ணாதீங்க, லாகாஃபும் பண்ணாதீங்க.’ காலையிலிருந்து அவர் சேமித்த ஃபைல்கள் இருந்தால் அவற்றை ஒரு ஷேர் ஃபோல்டருக்கு நகலெடுத்த பிறகே லாகாஃப். தற்காலிக ப்ரொஃபைல் லாகாஃபோடு அழிந்துவிடும். உண்மையான இழப்பு நேர்வது அங்கேதான்.

லோக்கல் ப்ரொஃபைல் என்றால்: ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன், ப்ரொஃபைல் லிஸ்ட். அங்கே அவருடைய எஸ்ஐடி (கணக்கின் அடையாள எண்) இரண்டு முறை இருக்கும், ஒன்று ‘டாட் பேக்’ என்று முடியும். அதுதான் நல்லது. அவர் லாகாஃப் ஆன பிறகு, வால் இல்லாத பதிவை எக்ஸ்போர்ட் செய்து அழித்து, மற்றதிலிருந்து வாலை நீக்குங்கள். ஸ்டேட், ரெஃப் கவுண்ட் இரண்டும் இருந்தால் 0 ஆக்குங்கள். ப்ரொஃபைல் இமேஜ் பாத் சரியான ஃபோல்டரைக் காட்டுகிறதா என்று ஒரு பார்வை.

யூசர் ப்ரொஃபைல் டிஸ்க் வைத்திருந்தால் காரணம் வேறு. ஷேரில் ஒவ்வொருவருக்கும் யுவிஹெச்டி என்று தொடங்கி எஸ்ஐடியோடு முடியும் விஹெச்டிஎக்ஸ் (விர்ச்சுவல் டிஸ்க்) ஃபைல் ஒன்று இருக்கும். அதை ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ்ட்தான் பிடிக்க முடியும். பழைய ஹோஸ்ட் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் புது ஹோஸ்டில் தற்காலிகம்தான். ஃபைல் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்ட் ஃபோல்டர்ஸ், ஓபன் ஃபைல்ஸ் போய் அந்த ஃபைலை எந்தக் கணினி திறந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கேயே ‘க்ளோஸ்’ அடிக்கத் தோன்றும், அடிக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் பிடுங்குவதற்குச் சமம் அது. அந்த ஹோஸ்டுக்குப் போய்த் தொங்கும் செஷனை லாகாஃப் செய்யுங்கள். முடியாவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்டில் டிட்டாச் செய்யுங்கள். ஆன்டிவைரஸ் இந்த ஃபைல்களை ஸ்கேன் செய்வதும் இதே பூட்டை உண்டாக்கும். விஹெச்டி, விஹெச்டிஎக்ஸ் இரண்டையும் விலக்குப் பட்டியலில் சேர்க்கவும்.

டிஸ்க் நிரம்பியிருந்தால் அறிகுறி வேறு மாதிரி: அவுட்லுக் திறக்காது, பிரவுசர் மூடிமூடித் திறக்கும், சில நேரம் ஸ்டார்ட் மெனுவே வராது. ப்ரொஃபைல் டிஸ்க்கின் இயல்பு அளவு 20 ஜிபி. கலெக்‌ஷன் செட்டிங்கில் 40 என்று மாற்றினால் புதியவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பழைய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, உள்ளே பார்ட்டிஷனையும் நீட்ட வேண்டும். ப்ரொஃபைல் டிஸ்க்குக்குப் பதில் மைக்ரோசாஃப்ட்டின் எஃப்எஸ்லாஜிக்ஸ் வைத்திருந்தால் இயல்பு 30,000 எம்பி, பதிவுகள் புரோகிராம் டேட்டாவுக்குள் எஃப்எஸ்லாஜிக்ஸ், லாக்ஸ் ஃபோல்டரில். அதில் ‘ப்ரிவென்ட் லாகின் வித் டெம்ப் ப்ரொஃபைல்’ என்ற செட்டிங்கை 1 ஆக்கிவிடுவது நல்லது. பயனர் உள்ளே வர முடியாமல் திட்டுவார். அரைநாள் வேலையை இழந்து திட்டுவதைவிட அது மேல்.

“லாகின் ஆச்சு, ஸ்கிரீன் கறுப்பாவே நிக்குது”

முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் அழுத்தச் சொல்லுங்கள். ரிமோட் செஷனுக்குள் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் வேலையைச் செய்வது அதுதான். டாஸ்க் மேனேஜர் திறந்தால் செஷன் உயிரோடு இருக்கிறது. டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் மட்டும் எழவில்லை. ஃபைல் மெனுவிலிருந்து எக்ஸ்ப்ளோரரை ஓட்டிப் பாருங்கள்.

2016, 2019 ஹோஸ்டுகளில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மோசமாகி ஒருநாள் எல்லோருக்கும் கறுப்பாக நின்றால், ஃபயர்வால் விதிகளைச் சந்தேகியுங்கள். ஒவ்வொருவர் லாகின் செய்யும்போதும் விண்டோஸ் ஸ்டோர் ஆப்களுக்காக அந்தப் பயனர் பெயரில் விதிகள் எழுதப்படுகின்றன. ப்ரொஃபைல் டிஸ்க் வைத்திருக்கும் ஹோஸ்டில் ஒவ்வொரு லாகினும் புது லாகின் மாதிரி. பழைய விதிகள் நீங்குவதில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் லாகின் நேரத்தில் ஃபயர்வால் சர்வீஸ் மூச்சுத் திணறுகிறது, ஸ்டார்ட் மெனுவும் செத்துவிடுகிறது.

மருந்து இரண்டு பாகம். ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ், ஷேர்ட் ஆக்சஸ், பாராமீட்டர்ஸ், ஃபயர்வால் பாலிசி என்ற கிளையில் ‘டெலீட் யூசர் ஆப் கன்டெய்னர்ஸ் ஆன் லாகாஃப்’ என்ற பெயரில், சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல், ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) உருவாக்கி 1 கொடுங்கள். இனிமேல் சேர்பவை லாகாஃபில் நீங்கும். ஏற்கெனவே சேர்ந்ததை இது தொடாது. அதற்கு முழுக் கிளையையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, பயனர் எஸ்ஐடியைச் சுமந்திருக்கும் விதிகளை மட்டும் பவர்ஷெல் மூலம் அழிக்க வேண்டும், அதுவும் ஆட்கள் இல்லாத நேரத்தில். ஒட்டுமொத்தமாக அழித்தால் 3389-ஐத் திறக்கும் விதியும் போய், நீங்களே வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

கறுப்பு இல்லை, ‘ப்ளீஸ் வெயிட்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அது குரூப் பாலிசியின் வேலை. அதன் ஆபரேஷனல் பதிவேட்டில் 8001, லாகின் பாலிசிக்கு மொத்தம் எத்தனை வினாடி ஆனது என்று சொல்லும். 5016 ஒவ்வொரு பகுதிக்கும் மில்லிவினாடிக் கணக்கு கொடுக்கும். ‘டிரைவ் மேப்ஸ்’ முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தால், போன வருடம் தூக்கிப்போட்ட ஃபைல் சர்வரை இன்னும் யாரோ இசட் டிரைவாக மேப் செய்து வைத்திருக்கிறார்கள். அடுத்த சந்தேகம் பாலிசி வழியாகச் சேர்க்கும் பிரிண்டர்கள்.

“எல்லாருக்கும் ஸ்லோ”

டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் தாவல். மெமரி வாரியாக அடுக்குங்கள். நாற்பது பிரவுசர் தாவல் திறந்த ஒருவர் மேலே நிற்பார். சிபியுவைப் பொறுத்தவரை, அதை எல்லோருக்கும் பங்கிடும் ஃபேர் ஷேர் ஏற்பாடு ஓரளவு காப்பாற்றும். மெமரிக்கு அப்படிப்பட்ட காவல் இயல்பாகக் கிடையாது. அதனால் ஹோஸ்ட் விழுவது பெரும்பாலும் ரேம் தீர்ந்து டிஸ்க்கில் பேஜிங் ஆரம்பிக்கும்போதுதான். சிபியு 30 சதவீதம்தானே என்று ஏமாற வேண்டாம்.

வேகம் குறைவு என்பது சர்வரிலா, லைனிலா என்று பிரிக்க பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ‘யூசர் இன்புட் டிலே’ கவுண்டர் இருக்கிறது. 2019 பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது. கீ அழுத்தியதிலிருந்து அப்ளிகேஷன் அதை எடுத்துக்கொள்ளும் வரை எத்தனை மில்லிவினாடி என்று செஷன் வாரியாகக் காட்டும். அது குறைவாக இருந்து பயனர் மட்டும் ஸ்லோ என்றால் லைன்தான். முழுத்திரை செஷனின் மேல் பட்டையில் உள்ள சிக்னல் குறியை அவர் கிளிக் செய்து படிக்கட்டும்: தாமதம் எவ்வளவு, யுடிபி இயங்குகிறதா என்று இருக்கும். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன் என்பார். ஆர்டிபிக்கு அகலத்தைவிடத் தாமதம்தான் முக்கியம்.

“அப்பப்போ கட் ஆயிடுது”

லோக்கல் செஷன் மேனேஜரில் 40-ஐப் பாருங்கள், காரண எண்ணோடு வரும். 3 என்றால் சும்மா இருக்க அனுமதித்த ஐடில் நேரம் முடிந்தது. 5 என்றால் அதே கணக்கில் வேறு இடத்திலிருந்து யாரோ நுழைந்தார்கள். ஒரே பெயரை இரண்டு பேர் பகிரும் அலுவலகங்களில் தினசரிக் காட்சி. 11 என்றால் பயனரே டிஸ்கனெக்ட் கொடுத்தார். 0 வந்தால் பெரும்பாலும் லைன் அறுந்தது.

லைன் அறுந்தும் செஷன் ‘ஆக்டிவ்’ என்றே காட்டிக்கொண்டிருந்தால், நடுவில் உள்ள ஃபயர்வால் இணைப்பை மௌனமாகக் கைவிட்டிருக்கிறது, சர்வருக்குத் தெரியவில்லை. கீப் அலைவ் பாலிசியை 1 நிமிடமாக வையுங்கள். கட் ஆகாமல் சில வினாடி உறைந்து உறைந்து போனால் கிளையன்டில் ‘டர்ன் ஆஃப் யுடிபி ஆன் கிளையன்ட்’ பாலிசியைப் போட்டு ஒருநாள் பாருங்கள். யுடிபியை அரைகுறையாக விடும் ரவுட்டர்களில் நல்ல பலன் தரும்.

டிஸ்கனெக்ட் ஆன செஷனை எத்தனை நேரம் வைத்திருப்பது? இரண்டு முதல் நான்கு மணி நேரம் பல அலுவலகங்களுக்குப் பொருந்தும். ‘நெவர்’ என்று விட்டால் செஷன்கள் மெமரியையும் கணக்கு மென்பொருளின் ஃபைல் பூட்டுகளையும் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். பத்து நிமிடம் என்று வைத்தால், மின்தடையில் மோடம் அணைந்து எழும் முன் பாதி அடித்த இன்வாய்ஸ் போய்விடும்.

“பில் பிரிண்ட் வரலை”

பிரிண்ட் வரிசையை நடத்தும் ஸ்பூலர் தொங்கியிருந்தால் சர்வீஸை நிறுத்தி, சிஸ்டம் 32-க்குள் ஸ்பூல், பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை அழித்து, மறுபடி ஓட்டுங்கள். எல்லோருடைய வரிசையும் அழியும், சொல்லிவிட்டுச் செய்யவும். லாகின் செய்யும்போது பிரிண்டர் வராமல் சிஸ்டம் பதிவேட்டில் 1111 இருந்தால் டிரைவர் சர்வரில் இல்லை. பயனரின் கணினியில் உள்ள டிரைவரையே பயன்படுத்தும் ஈசி பிரிண்ட் அந்தத் தொல்லையைத் தவிர்க்கும். ஒவ்வொரு மாடலுக்கும் சர்வரில் டிரைவர் ஏற்ற வேண்டாம். ‘ரிடைரக்ட் ஒன்லி த டிஃபால்ட் கிளையன்ட் பிரிண்டர்’ பாலிசியையும் போட்டால் லாகின் நேரம் கூடக் குறையும்.

விதிவிலக்கு டாட் மேட்ரிக்ஸ். ஈசி பிரிண்ட் பக்கத்தைப் படமாக அனுப்புகிறது. அதனால் 80 காலம் பில் எழுத்தெழுத்தாக அடிக்கப்படாமல், தலை பலமுறை ஓடி, மங்கலாக, மெதுவாக வரும். அந்தக் கிளையன்டில் உள்ள அதே பெயர் டிரைவரைச் சர்வரிலும் ஏற்றி, ஈசி பிரிண்ட்டை முதலில் பயன்படுத்தும் பாலிசியை ‘டிசேபிள்டு’ ஆக்குங்கள். டிரைவர் பொருந்தும் பிரிண்டர் அதை எடுத்துக்கொள்ளும், பொருந்தாதவை ஈசி பிரிண்ட்டிலேயே தொடரும். 2021 ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து பிரிண்டர் டிரைவர் ஏற்ற அட்மின் உரிமை கட்டாயம். பயனருக்கு வேலை நடக்க வேண்டும் என்று அதைத் தளர்த்த வேண்டாம். பிரிண்ட் நைட்மேர் ஓட்டைக்குத்தான் அந்தப் பூட்டு.

“ஆப்பை மூடிட்டேன், ஆனா திரும்ப திறக்க மாட்டேங்குது”

முழு டெஸ்க்டாப் இல்லாமல் ஒரு மென்பொருளை மட்டும் காட்டும் ரிமோட்ஆப்பில் சன்னல் மூடியதும் செஷன் உடனே முடிவதில்லை, டிஸ்கனெக்ட் நிலையில் காத்திருக்கும். உள்ளே ஏதோ ஒரு எச்சரிக்கைப் பெட்டி கண்ணுக்குத் தெரியாமல் பதிலுக்காக நின்றால் மறுபடி திறக்காது. இப்போதைக்கு அந்தச் செஷனை லாகாஃப் செய்யவும். நிரந்தரமாக, ரிமோட்ஆப் செஷன்களை லாகாஃப் செய்யும் நேர வரம்புப் பாலிசியை 5 அல்லது 10 நிமிடமாக வைக்கவும்.

“தமிழ் அடிச்சா இங்கிலீஷ்ல வருது”

ஆர்டிபி கிளையன்ட் இயல்பாக அனுப்புவது எந்தக் கீ அழுத்தப்பட்டது என்பதை மட்டும். எழுத்தாக மாறுவது சர்வரில், அங்குள்ள கீபோர்டு லேஅவுட்டின்படி. அதனால் தன் கணினியில் ஓடும் தட்டச்சுக் கருவியை நம்பியிருப்பவருக்குச் செஷனுக்குள் அது கைகொடுக்காமல் போகலாம். தமிழ்99 அல்லது அவர் பழகிய லேஅவுட்டைச் சர்வரிலேயே சேர்த்து, செஷனுக்குள் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கிளையன்டிலிருந்து வரும் லேஅவுட் ஒவ்வொரு முறையும் சர்வர் அமைப்பை மிதித்துவிட்டால், ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல் கிளைக்குள் கீபோர்டு லேஅவுட்டில் ‘இக்னோர் ரிமோட் கீபோர்டு லேஅவுட்’ என்ற டிவேர்டை, இடைவெளி இல்லாமல், 1 என்று உருவாக்குங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். பகலில் வேண்டாம்: ‘சேஞ்ச் லாகான்’ கட்டளையை ‘ட்ரெயின் அன்டில் ரீஸ்டார்ட்’ சுவிட்சோடு கொடுத்தால் உள்ளே இருப்பவர்கள் தொடர்வார்கள், டிஸ்கனெக்ட் ஆனவர்களும் தங்கள் செஷனுக்குத் திரும்பலாம், புதியவர்கள் மற்ற ஹோஸ்டுகளுக்குப் போய்விடுவார்கள். இரவில் ஆள் காலியானதும் ரீஸ்டார்ட்.